நாலு பேர் தூக்கும் உயரம்

என்னிடம் ஒரு சவ வண்டி இருக்கிறது. பிழைப்புக்காக வைத்திருக்கவில்லை. ஈப்போவில் சிலர் பழைய வெஸ்பா வைத்திருக்கிறார்கள். சிலர் மோரிஸ் மைனர் வைத்திருக்கிறார்கள். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவை ஞாயிறுதோறும் துடைத்துப் பளபளக்க வைக்கிறவர்களும் உண்டு. அவர்களைப்போலத்தான் நானும். என்னுடையது இனோகோம் பெர்மாஸ். தொண்ணூறுகளின் கடைசியில் கெடா மாநிலத்துக் கூலிமில் இணைத்து விற்கப்பட்ட வேன். பெயர்தான் நம் நாட்டுடையது. உடம்பு பிரெஞ்சுக்காரர்களின் ரெனோ டிராஃபிக். பள்ளிக்கூட வேனாகவும் தொழிற்சாலை வேனாகவும் இந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலவற்றைப் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பிணம் ஏற்றினார்கள். என் வண்டி அந்த வகை.

சவ வண்டி என்று எழுதும்போது கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது. வீட்டில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அம்மாவுக்கு அது ‘பொண வண்டி’. “அந்தப் பொண வண்டிய தொட்டுட்டு அடுப்படிக்குள்ள வராத” என்பார். வெளியே கிளம்பும்போது பிணம் எதிரே வந்தால் போகிற காரியம் ஜெயிக்கும் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அதை ஒருநாள் ஞாபகப்படுத்தினேன். “அது உள்ள ஆளு இருந்தா. நீ காலியா இல்ல வெச்சிருக்க” என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல். அமெரிக்காவில் பழைய சவ வண்டி, ஆம்புலன்ஸ், நீளக் கார்களைச் சேர்த்துப் பராமரிக்கிறவர்களுக்கு 1976-லிருந்து ஒரு சங்கமே இருக்கிறது, புரொஃபெஷனல் கார் சொசைட்டி என்று. அங்கே மவுசு உள்ளது பழைய பெரிய காடிலாக்குக்குத்தான். கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தில் சைரன் அலற வருமே, வாலில் இறக்கை வைத்த 1959 காடிலாக், அந்தச் சாதி. 1985-இல் காடிலாக் டிவில் உருவத்தில் சுருங்கி முன்சக்கர இயக்கத்துக்கு மாறியது. சவ வண்டி கட்டுகிற பட்டறைகளும் அந்த அடித்தளத்துக்கு மாற வேண்டியிருந்தது. பழைய வண்டிப் பிரியர்களின் கண்ணில் அந்த வண்டிகளுக்கு ராஜகளை போதாது. என் பெர்மாஸுக்கோ ராஜகளை என்ற பேச்சுக்கே இடமில்லை. ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல இருக்கும்.

ஆனால் முன்சக்கர இயக்கத்தில் சவ வண்டிக்கென்றே அமைந்த ஒரு வசதி இருக்கிறது. பின்சக்கர இயக்கம் உள்ள வேனில் முன்னால் இருக்கும் என்ஜினிலிருந்து பின் அச்சுவரை ஒரு நீண்ட தண்டு சுழன்றுகொண்டே போக வேண்டும். பின் அச்சின் நடுவில் கும்பம்போலப் பல்சக்கரப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். இவை இரண்டும் தட்டாமல் இருக்க வண்டியின் தரையை உயர்த்தித்தான் கட்ட வேண்டும். முன்சக்கர இயக்கத்தில் என்ஜின், கியர் பெட்டி, சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் எல்லாம் ஓட்டுநரின் காலுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. அவர் முதுகுக்குப் பின்னால் வெறும் தரை. அதை எவ்வளவு வேண்டுமானாலும் கீழே இறக்கலாம். 1947-இல் சிட்ரோயன் கொண்டுவந்த எச் வேன் இதை வைத்தே பேர் வாங்கியது. தகரக் கொட்டகைபோல வரிவரியான உடம்பு, ஆனால் தரை தாழ்வு, சமதளம். பிரான்சில் காய்கறியும் ஆட்டுக்கறியும் ஏற்றிய அதே வேனில் சவப்பெட்டியும் ஏறியது. பெட்டியைத் தோள்வரை தூக்க வேண்டாம். இடுப்புக்குக் கீழேயே தள்ளிவிடலாம்.

என் பெர்மாஸின் தரை என் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. இந்த வண்டியைப் பற்றி நான் சொல்ல வந்தது இந்த உயரத்தைத்தான். அதற்கு முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் சவ வண்டி கிடையாது. தேவைப்படவும் இல்லை. ஒரு சாவு விழுந்தால் பால் வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆம்பளைகள் திரும்புவதற்குள் செய்தி எல்லா லயத்துக்கும் போயிருக்கும். யாரோ பச்சை மூங்கில் வெட்டப் போவார்கள், யாரோ கீற்று பின்னுவார்கள், யாரோ தப்பைத் தீயில் காய்ச்சுவார்கள். பிற்பகலில் பாடை கிளம்பும். சுடுகாடு தோட்டத்தின் ஓரத்திலேயே ஏதாவது ஒரு வெட்டுக்குப் பின்னால், ஓடையை ஒட்டி இருக்கும். போகிற வழியில் தோள் மாற்றுவதற்கு ஆள் வரிசையாகக் காத்திருப்பார்கள். “நாலு பேர் வேணும்டா” என்று ஊரில் சொல்வார்களே, மனுசனோடு ஒத்துப்போக மறுக்கிறவனிடம் சொல்லும் கடைசி எச்சரிக்கை, அதெல்லாம் தோட்டத்தில் ஒரு பேச்சுக்குத்தான். சண்டைக்காரனுக்கும் நாற்பது பேர் இருந்தார்கள்.

அந்த ஏற்பாடு எப்படிக் கலைந்தது என்பதை நம்மில் பலர் பாட்டி தாத்தா வாயால் கேட்டிருப்போம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டித் தோட்டங்களை வாங்கியது அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். அதிலும் தப்பியவை பின்னால் செம்பனைக்கு மாறின, இல்லையென்றால் தாமான்களாக மாறின. பால்மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும், செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். லயங்கள் காலியாகின. ஜனங்கள் புந்தோங்குக்கும் சிம்மோருக்கும் மலிவு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள்.

நாம் இதைப் பேசும்போது வேலை போனதைப் பேசுகிறோம், வீடு போனதைப் பேசுகிறோம், தமிழ்ப்பள்ளியும் கோயிலும் இடம்பெயர்ந்ததைப் பேசுகிறோம். தூக்க ஆள் இல்லாமல் போனதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் முப்பது மைல் சுற்றளவில் சிதறிப்போனால் ஒரு புதன்கிழமை பிற்பகலில் நாலு தோள் சேர்வது சாதாரணமில்லை. சவ வண்டி நம் வாழ்க்கைக்குள் வந்தது அப்போதுதான். வசதி கூடியதால் வந்தது என்று நினைக்கிறோம். ஆள் குறைந்ததால் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் அப்பாயி 2006-இல் இறந்தார். அதற்குப் பத்து வருஷம் முன்பே தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் கட்டை மட்டும் தாத்தா எரிந்த இடத்தில்தான் எரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே போகும் தோட்டம். அப்போதே முழுக்கச் செம்பனை. அப்பா மானேஜரிடம் போய் நின்று அனுமதி வாங்கினார். வாடகைக்கு வந்த சவ வண்டி ஒரு பெர்மாஸ்.

பெரிய சாலை இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்துக்குள் நுழைந்ததும் செம்மண் பாதை. முதல் நாள் மழை பெய்திருந்தது. சுடுகாட்டுக்கு முன்னால் ஒரு மேடு. வேனில் பெட்டியும் இருபக்கப் பலகையில் ஆறு பேரும். பாதி மேட்டில் முன்சக்கரங்கள் வழுக்கிச் சுற்றத் தொடங்கின. முன்சக்கர வண்டியின் பலவீனம் அது. இழுக்கிற சக்கரம் முன்னால், சுமை பின்னால். மேடு ஏறும்போது பாரம் இன்னும் பின்னுக்குச் சாயும். முன்சக்கரத்துக்கு மண்ணைப் பிடிக்கிற அழுத்தம் போதாது.

எல்லோரும் இறங்கினோம். அப்படியும் ஏறவில்லை. யாரோ “தூக்கிரலாம்பா” என்றார்கள். சொன்ன பிறகு எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். வந்திருந்த ஆம்பளைகள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு இருதயத்தில் குழாய் வைத்திருந்தது. அப்பாவுக்குக் கொள்ளிச்சட்டி. எனக்குப் பதினேழு வயது, நெய்ப்பந்தம் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. மேடு வழுக்குகிறது. பெட்டி நழுவினால் என்ன ஆகும் என்று எல்லோரும் நினைத்தோம், யாரும் சொல்லவில்லை.

டிரைவர் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். வண்டியைப் பின்னாலேயே கீழே இறக்கி, அகலமான இடத்தில் திருப்பி, ரிவர்ஸிலேயே மேடு ஏற்றினார். பின்பக்கமாக ஏறும்போது இழுக்கிற சக்கரம் மேட்டின் கீழ்ப்பக்கம் வந்துவிடும், பாரம் அதன்மேல் சாயும். சகதியை வாரி இறைத்துக்கொண்டு ஏறிவிட்டது. கூட வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றவரிடம், “பாடை திருப்பியாச்சு” என்றார். எங்கள் பக்கத்தில் பாதி வழியில் பாடையை இறக்கி, கால் முன்னால் போனதைத் தலை முன்னால் போகுமாறு திருப்புவார்கள். போனவர்கள் வீட்டுக்கு வழி தெரிந்து திரும்பி வந்துவிடக் கூடாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஈப்போவிலிருந்து வேனில் வந்ததால் அந்தச் சடங்கை எங்கே செய்வதென்று காலையில் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்திருந்தது. வண்டி தானாக முடித்து வைத்தது.

மேலே போய் நின்றதும் பின்கதவு திறந்தது. உருளைமேல் பெட்டி வழுக்கி வெளியே வந்தது. தரை தாழ்வாக இருந்ததால் தோளுக்கு ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையாலும் இடுப்பளவில் வாங்கிக்கொண்டால் போதும். மூன்று மூலைக்கு ஆள் நின்றார்கள். நாலாவது மூலையைச் சின்ன அத்தை பிடித்தார். மயானத்துக்குப் பொம்பளைகள் வரக் கூடாது என்று சொன்னவர்களைக் கேட்காமல் காரில் பின்னாலேயே வந்தவர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோள் உயரமாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் அவரை விலக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இடுப்பு உயரத்தில் விலக்கக் காரணம் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் பால் வாளி தூக்கிய கை அது.

நான் வண்டி வாங்கியது பதினைந்து வருஷம் கழித்து, 2021-இல். அதற்கு முந்திய வருஷம் மார்ச் 18-இலிருந்து நாடே பூட்டிக் கிடந்தது. சாவு வீட்டில் விரல்விட்டு எண்ணும் ஆட்கள். பலருக்கு மகனே வர முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் இந்த நினைவு திரும்பத் திரும்ப வந்தது. தொழிலை விட்டுப்போகிற ஒருவர் தன் பழைய பெர்மாஸைக் கழிவு இரும்புக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அப்பாயியை ஏற்றிய அதே வண்டியா என்று கேட்கிறார்கள். தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அதே அச்சு, அதே தரை, எனக்கு அது போதும்.

சவ வண்டியைப் பராமரிக்கிறவன் முதலில் தெரிந்துகொள்வது அது மற்ற வண்டிகள் மாதிரித் தேய்வதில்லை என்பதை. ஓடிய தூரம் குறைவாக இருக்கும், கிளச் தேய்ந்திருக்கும். ஊர்வலத்துக்கு முன்னால் நடை வேகத்தில் முதல் கியரில் அரை கிளச்சில் போன மணிநேரங்கள் மீட்டரில் ஏறாது. வண்டி ஓடாமல் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து காற்று படாது. அதனால் ரேடியேட்டரும் காற்றாடியும் எப்போதும் சந்தேகத்துக்குரியவை. உள்ளே விளக்கு, மின்விசிறி, தேவாரம் போடுகிற ஒலிபெருக்கி எல்லாம் பேட்டரியைத் தின்றிருக்கும். வேகமாக ஓட்டப்பட்டதே இல்லை என்பதால் பிரேக் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

முன்சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனையில் ஒரு மூட்டு இருக்கிறது, சிவி ஜாயிண்ட் என்பார்கள். சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவைப்பது அந்த மூட்டு. வழக்கமான அமைப்பில் அதற்குள் ஆறு எஃகுக் குண்டுகள் கிரீஸில் மிதக்கும். நம் தாமான் சந்துகளிலும் மயான வாசலிலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒடித்துத் திருப்புவதால் அந்த மூட்டுக்குத்தான் முதல் அடி. அதைப் போர்த்தியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், செம்மண் உள்ளே போகும். பிறகு வளைவில் திரும்பும்போது டக் டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தபின் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆகவே மாதம் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்து, விரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்ப்பேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த அரைமணி நேரம் அது.

உறை செயற்கை ரப்பர். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிப்போய்விடும். ஆனால் என்ஜினைத் தாங்கியிருக்கும் மவுண்டிங் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான். அதிர்வை வாங்கிக்கொண்டு பிளந்துபோகாமல் வருஷக்கணக்கில் நிற்பதில் அதற்கு ஈடாக இன்னொன்று எளிதில் கிடைக்கவில்லை. மரத்திலிருந்து வடிந்த பால்தான். அப்பாயியின் கைவழியாகப் போன பால் எங்கெங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. எங்கோ ஒரு வண்டியின் அடியில் நடுக்கத்தை வாங்கிக்கொண்டு கிடந்திருக்கும்.

உள்ளே சுத்தம் செய்தபோது உருளைகளுக்கு அடியில் அரிசி கிடைத்தது, வாய்க்கரிசியில் சிந்தியது. காய்ந்து கறுத்த செவ்வந்தி இதழ்கள். கொஞ்சம் சில்லறை. அதில் ஏழு, ஒரு காசு நாணயங்கள். 2008 ஏப்ரலிலேயே கடைகளில் ஒரு காசை எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள், ஆகவே அதற்கு முன்னால் யாரோ வழியில் இறைத்த காசு. அரிசியையும் இதழ்களையும் ஆற்றில் விட்டேன். காசைச் செலவு செய்யவும் முடியாது, எறியவும் மனமில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுப் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பட்டறை என்றால் மெங்லெம்புவில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறை. வண்டி அங்கே போனதற்கும் ஒரு கதை உண்டு. முதல் ஆறு மாதம் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. எதிர்வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், கொஞ்சம் தள்ளி வை என்றார்கள். வைத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு தாமான் குடியிருப்பாளர்கள் ஒரு கடிதம் கொடுத்தார்கள், மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். தெரிந்த ஒரு கோயிலின் பின்புறக் கொட்டகையைக் கேட்டுப் பார்த்தேன். தீட்டு என்று முடியாதென்றுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவரவருக்கு அவரவர் பயம். ஜப்பானில் சவ வண்டி கடந்துபோனால் பிள்ளைகள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வார்களாம். அங்கே கட்டைவிரலுக்குப் பெயர் பெற்றோர் விரல். அப்பா அம்மாவை ஒளித்துவைக்கிறார்கள்.

தவுக்கே ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். சீனர்களின் ஏழாம் மாதத்தில் இந்த வண்டியைத் தொட மாட்டேன் என்றார். மற்ற பதினோரு மாதமும் தொடுவார். “இது எத்தன பேர தூக்கிச்சி, ஒரு தடவகூட வழியில நின்னதில்லன்னு அந்த ஆளு சொன்னான்ல? நல்ல வண்டிலா” என்று தமிழில்தான் சொன்னார். புந்தோங்கில் வளர்ந்தவர்.

வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஓர் இளைஞர் இதைக் காப்பி வேனாக மாற்ற ஆசைப்பட்டார். தரை தாழ்வு, பின்கதவு அகலம், நின்றுகொண்டு காப்பி கலக்க வசதி. அவர் கணக்கு சரிதான். விலையும் நான் கொடுத்ததற்கு மேல். அன்று இரவு கொஞ்சம் தூக்கம் வரவில்லை. பிறகு வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்.

பேராக்கில் நினைவுகளைப் பாதுகாக்கத் தெரியாமல் இல்லை. ஈயத்துக்கு, 1938-இல் கட்டிய கப்பல் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு ஏறிப் பார்க்கலாம். ரப்பருக்கு, 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது மரங்களில் ஒன்று இன்னும் இருக்கிறது, சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். பத்து காஜாவில் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காத மாளிகை இருக்கிறது. பக்கத்திலேயே தொற்றுநோயில் தொழிலாளர்கள் செத்தபோது அவர்கள் கேட்டதால் அவர் கட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களின் கல்லறைகள் பத்து காஜா கிறிஸ்துவ மயானத்தில் பெயரோடு இருக்கின்றன. அவசரகாலத்தில் இறந்தவர்களுக்காக அங்கே ஆண்டுதோறும் ஜூனில் நினைவுக்கூட்டம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். அதே துரைமார்களின் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் எரிந்த இடங்கள் எத்தனை செம்பனைக்கு அடியில் போயின என்று கணக்கெடுக்கப் போனால் எங்கே தொடங்குவது? எரிந்தவர்களுக்குக் கல் இல்லை. பாடை அன்றைக்கே கூட எரிந்துவிடும். சுமந்தவர்களின் தோளும் போய்ச் சேர்ந்தது. அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவற்றில் இன்னும் எரியாமல் மிச்சமிருப்பது இப்படி ஒன்றிரண்டு வண்டிதான்.

போன வருஷம் தாத்தாவின் தோட்டத்திலிருந்த ஒரு மாமாவை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். சொந்தத்தில் மாமா இல்லை, தோட்டத்து முறை. எழுபத்தெட்டு வயது, மலிவு வீட்டின் நாலாவது மாடியில் இருக்கிறார். சிவப்புத் துணியைப் பார்த்துச் சிரித்தார். முன்னால் உட்காரச் சொன்னேன். “அத்தைய கொண்டுபோறப்ப நான் பின்னாலதான் உக்காந்தேன்” என்று சொல்லிப் பின்கதவு வழியாக ஏறிப் பலகையில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். வழி முழுக்க ஒரு கையைக் காலியாக இருந்த உருளைகளின்மேல் வைத்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்துக்குள் போனதும் பேச ஆரம்பித்தார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரியான பனைமரங்கள். அவருக்கு அப்படி இல்லை. இங்கே பெரட்டுக்களம், இங்கே ஆயாக்கொட்டகை, இங்கே கிராணி வீடு, இந்த வளைவில்தான் எங்கப்பாவுக்குத் தோள் மாத்துனோம். தோள் மாற்றிய இடமெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது, யார் யாருக்கு என்பதும். அதை நான் எழுதிக்கொண்டேன். பதினான்கு பெயர்கள். மேட்டுக்குப் போகவில்லை, பாதையில் சங்கிலி போட்டிருந்தது.

திரும்பி வந்து இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டே, “தரை இன்னும் ஒரு சாண் கீழ இருந்தா தேவல” என்றார். பிறகு, “நான் போறப்ப இது ஓடுமா?” என்று கேட்டார்.

இப்போதைய பதிவில் இதில் யாரையும் அப்படி ஏற்றக் கூடாது, காப்புறுதி வேறு, உரிமம் வேறு என்று விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். “அதெல்லாம் நீ பாத்துக்க தம்பி. ஓடுமா ஓடாதான்னு மட்டும் சொல்லு.”

ஓடும் என்றேன். மறுவாரம் இடதுபக்க மவுண்டிங்கை மாற்றினோம், கிளச்சும் இறங்கியிருக்கிறது. பதிவை மாற்ற என்னென்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். படிவங்கள் நிறைய இருக்கின்றன, பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். அது முடிந்தால் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள முடியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.